யாருடைய விதிகளின்மேல் நம் கதை: துணைநூல் பதிப்பாளர் முன்னுள்ள உரிமங்கள், ஓர் ஒப்பீடு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் மேசைப் பாத்திர விளையாட்டுக்குத் துணைநூல், அதாவது அதில் ஆடுவதற்கான கதைநூல், எழுத முனைகிறவர் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. எந்தக் கதையை எழுதுவது என்பது ஒன்று. ஏற்கெனவே மக்கள் ஆடிக்கொண்டிருக்கும் எந்த விளையாட்டோடு அதை இணக்குவது, அதற்காக எந்த உரிமத்தை ஏற்பது என்பது மற்றொன்று. கடலூரிலும் புதுச்சேரியிலுமாக இருக்கும் எங்கள் சிறு குழுவுக்கு முதலாவது தயக்கமின்றி முடிந்துவிட்டது; இரண்டாவதில்தான் நெடுநாள் விவாதம் நடந்தது. அப்போது எடைபோட்டுப் பார்த்தவற்றை, இதே வேலையில் இறங்க எண்ணும் பிற தமிழ்க் குழுக்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கதைக்களத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முடிவு அதையும் சார்ந்தது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, அப்போது செஞ்சியிலிருந்த மராத்திய அரசிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. பின்னர் செயின்ட் டேவிட் கோட்டை எனப்பட்டது அதுதான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதைப் பீரங்கியே தீர்மானித்தது: கோட்டையிலிருந்து சுடும் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குள் அடங்கும் ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் கடலூரில் வழங்குகிறது. எங்கள் நூலில், குண்டு விழுந்த அன்றிரவு ஓர் ஊரார் கதாபாத்திரங்களைத் தேடி வருகிறார்கள். மண்ணில் புதைந்த குண்டைத் தோண்டியெடுத்து, விடிவதற்குள் கோட்டைக்கு அருகே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டால், ஊர் கம்பெனியின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். குண்டு விழுந்த குழியருகே கம்பெனிக் காவலன் ஒருவன் ஈட்டியோடு நிற்கிறான். அங்கிருந்து ஆட்டம் தொடங்குகிறது.

இப்படிப்பட்ட நூலுக்கு உரிமத்தில் நாங்கள் எதிர்பார்த்தவை சில. எழுதிய உலகமும் கதையும் பத்து ஆண்டு கழித்தும் எங்களுடையதாகவே இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவரும் நூலைக் கையில் எடுத்து அன்றைக்கே ஆடும்படி, விதிகளையும் தமிழில் தர முடிய வேண்டும். அச்சிட்டு இங்கே விற்கவும் தடை இருக்கக் கூடாது. எந்த விளையாட்டோடு இணங்கும் என்பதை அட்டையில் சொல்லிக்கொள்ளவும் இடம் வேண்டும். வருமானத்தை நாங்கள் கடைசியில்தான் வைத்தோம், ஆனால் அதை அறவே ஒதுக்கிவிடவில்லை.

உரிமமே வாங்காமல் வெளியிடுவது முதல் வழி. சட்டப்படி இது தோன்றும் அளவுக்குத் துணிச்சலான செயல் அல்ல. பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான், கருத்துக்கு இல்லை என்பதை நம் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 20 முகப் பகடையை உருட்டி, ஓர் எண்ணைக் கூட்டி, இலக்கைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் முறைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. அதை விளக்கும் வாசகங்களுக்குக் கோரலாம். பெயரைப் பொறுத்தவரை, 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் 30-ஆம் பிரிவில், ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து பயன்படுவதற்கென்றே அமைந்தது என்று காட்டுவதற்குத் தேவையான அளவு, நேர்மையான முறையில் பிறர் சின்னத்தைக் குறிப்பிட இடம் தருகிறது. ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பதும், வழக்கைத் தாங்கும் வலிமை நமக்கு இருப்பதும் வேறுவேறு. அமெரிக்காவில் மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் 1980-களில், இவ்வகையில் பேர்பெற்ற விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோடு இணங்கும் ரோல் எய்ட்ஸ் என்ற துணைநூல் வரிசையை வெளியிட்டபோது, அந்த விளையாட்டைப் பதிப்பித்துவந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தோடு 1984-ல் ஓர் ஒப்பந்தமும் போட்டிருந்தது. அப்படியிருந்தும் 1991-ல் வழக்கு வந்தது. இறுதியில் டி.எஸ்.ஆர். அந்த வரிசையையே விலைக்கு வாங்கிக்கொண்டது. எழுதியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், வழக்கறிஞர் கட்டணம் நூலின் மொத்த வரவையும் விழுங்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் நல்ல உரிமங்கள் இருக்கும்போது இந்த வழியைத் தேர்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்தது, ஒரு விளையாட்டின் விதிகளைப் பிறரும் தம் நூல்களில் பயன்படுத்த விடும், ஓ.ஜி.எல். எனப்படும் திறந்த விளையாட்டு உரிமம். டி.எஸ்.ஆரை 1997-ல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு வந்த 2000-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது. தனிப் பதிப்பாளர்கள் பெருகியது இதனால்தான். 2008-ல் நான்காம் பதிப்புக்கு மிகவும் இறுக்கமான வேறோர் உரிமத்தை அந்நிறுவனம் கொண்டுவந்தபோது, பைசோ நிறுவனம் பழைய ஓ.ஜி.எல்.-ஐப் பிடித்துக்கொண்டு 2009-ல் பாத்ஃபைண்டர் என்ற தன் விளையாட்டை வெளியிட்டு நிலைத்து நின்றதும் அதன் பலத்தில்தான். ஆகவே பழைய பதிப்பாளர்கள் இந்த உரிமத்தின்மேல் வைத்திருந்த பற்றை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அந்தப் பற்றை 2023 ஜனவரி உடைத்தது. புதிய ஓ.ஜி.எல். வரைவு ஒன்று வெளியே கசிந்தது. பழைய 1.0ஏ உரிமம் இனி அங்கீகாரம் பெற்றதல்ல என்றும், ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வரும் வருவாயில் 25 சதவீதம் ராயல்டி என்றும் அதில் இருந்தது. எங்களைப் போன்றோர் அந்தத் தொகையைக் கனவிலும் தொடப்போவதில்லை என்பதால் ராயல்டி விதி எங்களைத் தொடாது. ஆனால் முதல் விதி எல்லோரையும் தொடும். பழைய உரிமத்தில் 'நிரந்தரமானது' என்ற சொல் இருந்தது, 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. இருபது ஆண்டுக் காலமாக யாரும் பெரிதாக எண்ணாத அந்த விடுபாட்டின்மேல்தான் நூற்றுக்கணக்கான பதிப்பாளர்களின் பிழைப்பு நின்றுகொண்டிருந்தது என்பது அந்த மாதம்தான் எல்லோருக்கும் உறைத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின், ஜனவரி 27-ல் நிறுவனம் பின்வாங்கி, ஓ.ஜி.எல். 1.0ஏ அப்படியே நீடிக்கும் என்று அறிவித்தது. நீடிக்கிறது, உண்மைதான். ஆனாலும் புதிதாக ஒரு நூலை அதன் கீழ் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். இணக்கம் பற்றியும் அதில் ஒரு சிக்கல் உண்டு. அதன் 7-ஆம் பிரிவின்படி, தனி ஒப்பந்தம் இல்லாமல் பிறர் வணிகச் சின்னத்தைச் சொல்லி 'இதோடு இணங்கும்' என்று அறிவிக்க முடியாது. பொதுச் சட்டம் தரும் உரிமையை நாமே கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பதுதான் இது. தவிர, எது திறந்த உள்ளடக்கம், எது நம் தனி உடைமை என்று பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவதும், 15-ஆம் பிரிவில் முந்தைய நூல்களின் பதிப்புரிமை அறிவிப்புகளைச் சங்கிலியாகச் சுமப்பதும் சிறு பதிப்பாளருக்கு வீண் வேலை.

அதே ஜனவரி 27-ல் நடந்த இன்னொன்றுதான் நிலைமையை மாற்றியது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்த எஸ்.ஆர்.டி. 5.1 ஆவணம் முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பின் சி.சி.பை 4.0 உரிமத்தில் வெளியானது. இந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்று அதன் வாசகமே சொல்கிறது. அதை எழுதியது விளையாட்டு நிறுவனமும் இல்லை. உலகெங்கும் எல்லாத் துறைகளிலும் புழங்கும் பொது உரிமம் என்பதால், ஒரு நிறுவனத்தின் மனமாற்றம் அதை அசைக்காது. மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம், விற்கலாம். செய்ய வேண்டியதெல்லாம், ஆவணம் கேட்கும் நன்றிக் குறிப்பை அப்படியே இடுவதும், நாம் மாற்றியிருந்தால், மொழிபெயர்ப்பும் மாற்றமே, அதைச் சொல்வதும்தான். 'ஐந்தாம் பதிப்போடு இணங்கும்' என்று போட்டுக்கொள்ளவும் அந்த ஆவணமே அனுமதி தருகிறது. 2024-ல் திருத்திய விதிகளுக்கான எஸ்.ஆர்.டி. 5.2-உம் 2025 ஏப்ரலில் இதே உரிமத்தில் வந்துவிட்டது. இரண்டில் எது என்பது நம் வாசகர் வைத்திருக்கும் புத்தகத்தைப் பொறுத்தது.

குறையும் உண்டு. எஸ்.ஆர்.டி. 5.1-ல் வீரன், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு கதாபாத்திர வகுப்புக்கும் ஓர் உட்பிரிவுதான் இருக்கிறது; கதாபாத்திரத்தின் முன்வாழ்க்கையைச் சொல்லும் பின்னணி ஒன்றே ஒன்று; பீஹோல்டர் போன்ற பேர்பெற்ற மிருகங்கள் கிடையாது. குண்டு கிராமத்துக்கு அவை தேவையில்லை என்பதால் எங்களுக்கு இது குறையாகப் படவில்லை. எங்கள் தடை வேறு. அந்த ஆவணம் சுமார் 400 பக்கம். அதைத் தமிழாக்குவது வேறொரு பெரும் பணி. தமிழாக்காமல் சாகசத்தை, அதாவது ஆடும் கதையை, மட்டும் தந்தால், விதிகளுக்கு ஆங்கில நூலைத் தேட வேண்டும். அமெரிக்காவில் 50 டாலர் விலையுள்ள விதிநூலை வாங்கச் சொல்லி ஒரு பள்ளி மாணவரை அனுப்புவது, ஆட்டத்துக்கு வராதே என்று சொல்வதற்குச் சமம்.

டி.எம்ஸ் கில்டு என்ற இணையச் சந்தையைப் பலர் எங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். 2016 ஜனவரியில் தொடங்கிய இதில், விசார்ட்ஸின் ஃபார்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தையும் பேர்பெற்ற மிருகங்களையும் நாம் எடுத்தாளலாம். விற்பனையில் பாதி எழுதியவருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வாங்குகிறவர்களே வந்து குவியும் இடம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அங்கே இட்ட நூலை வேறெங்கும் விற்க முடியாது, அங்குள்ள பிற எழுத்தாளர்கள் நம் படைப்பை எடுத்தாளவும் நாம் சம்மதிக்கிறோம். அவர்களுடைய உலகத்தில் கதை எழுத ஆசைப்படுகிறவருக்கு இது நியாயமான பேரம். வேறு வழியே இல்லை என்றும் சொல்லலாம். தேவனாம்பட்டினத்தைப் பற்றி எழுதுகிறவர் அங்கே போனால், வாங்கும் சலுகையைப் பயன்படுத்தாமலேயே அதற்கான விலையைக் கொடுக்கிறார். புதுச்சேரிப் புத்தகக் கடையில் ஓர் அச்சுப் பிரதியை வைப்பதுகூடப் பிறகு கேள்விக்குரியதாகிவிடும்.

பணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5 டாலர் விலையுள்ள பி.டி.எஃப். ஒன்று டி.எம்ஸ் கில்டில் 2.50 டாலர் தரும். கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட நூலை ட்ரைவ்த்ரூ ஆர்.பி.ஜி. என்ற இணையக் கடையில் விற்றால், வேறிடத்திலும் விற்கும் உரிமையை வைத்துக்கொண்டு 65 சதவீதம், அதாவது 3.25 டாலர் வரும். அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் 70 சதவீதம். இட்ச்.ஐஓ தளத்தில் தளத்தின் பங்கை நாமே தீர்மானிக்கலாம். வழக்கமான 10 சதவீதத்தை விட்டால், பணப் பரிமாற்றக் கட்டணத்துக்கு முன் 4.50 டாலர். உள்ளூர் வாசகருக்கு இவை எதுவும் ஏற்ற வழி இல்லை என்பது என் கருத்து. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டு வரவுக்கு மட்டும் உதவும். கடலூர் வாசகர் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பி, தபாலில் நூலைப் பெறுவதே இயல்பாக நடக்கக்கூடியது. 32 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் இரண்டு, சென்டர் பின் போதும்; ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இந்த வசதிகளையெல்லாம் ஒரு வெளிநாட்டுச் சந்தையின் தனியுரிமைக்காக இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆர்க் உரிமத்தை நாங்கள் எளிதில் தள்ளவில்லை. 2023 சர்ச்சையின் விளைவாகப் பைசோ முன்னின்று எழுதச்செய்து அதே ஆண்டு ஜூனில் வெளியான இந்த உரிமம், திரும்பப் பெற முடியாதது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. விளையாட்டு விதிகள் எல்லோருக்கும் பொது, கதையும் இடமும் பாத்திரங்களும் எழுதியவருக்கே என்று அதுவே பிரித்து வைக்கிறது, ஓ.ஜி.எல்.-இல் நாமே உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்ததை இங்கே உரிமம் செய்துவிடுகிறது. பதிலுக்கு, நாம் புதிதாக உருவாக்கும் விதிகள் தாமாகவே மற்றவர்களுக்கும் திறந்துவிடும். எனக்கு இதில் முழு உடன்பாடு. பாத்ஃபைண்டரின் விதிப் பெருக்கம் எங்கள் நூலுக்குப் பொருந்தாது என்றாலும், கேயாசியம் நிறுவனம் தன் பேசிக் ரோல்பிளேயிங் விதிகளை 2023-ல் இதே உரிமத்தில் தந்திருக்கிறது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு சதவீதம், நூறு வரையுள்ள எண்ணை உருட்டி அதற்குள் வந்தால் வெற்றி என்ற அதன் முறை, மந்திரமில்லாத வரலாற்றுக் கதைக்கு ஐந்தாம் பதிப்பைவிட நன்றாகப் பொருந்தும். அரிக்கமேட்டு ரோமானிய வணிகத்தையோ ஆனந்தரங்கர் காலத்துப் புதுச்சேரியையோ பெரிய நூலாக எழுத எண்ணுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். எங்கள் சிறு நூலுக்குத்தான் அது கனத்துவிட்டது.

கடைசியாக வந்து நின்றது கெய்ர்ன். யோகாய் கால் 2020-ல் வெளியிட்ட இந்தச் சிறு விளையாட்டு சி.சி.பை எஸ்.ஏ. 4.0 உரிமத்தில் இருக்கிறது. 2024-ல் இரண்டாம் பதிப்பும் வந்தது. பல மொழிகளில் ஆர்வலர்களே இதை மொழிபெயர்த்திருக்கிறார்கள். முதல் பதிப்பின் விதிகள் முழுவதும் ஒரு மெல்லிய கையேட்டில் அடங்கிவிடும். வித்தியாசத்தைக் காட்ட, குழியருகே நிற்கும் அந்தக் காவலனையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பில் அவன் எஸ்.ஆர்.டி.யில் உள்ள சாதாரணக் காவலன். கவச எண் 16, உயிர்ப்புள்ளி 11, ஈட்டியை வீச 20 முகப் பகடையோடு 3 கூட்ட வேண்டும், பட்டால் 6 முகப் பகடையும் 1-உம் சேதம். இவற்றோடு ஆறு இயல்பு எண்கள், திறன், புலன், மொழி, சவால் மதிப்பு என்று ஒரு சிறு பெட்டியே நிரம்பிவிடும். கெய்ர்னில் அதே காவலனை ஒரே வரியில் எழுதலாம்: உயிர்க்காப்பு 3, கவசம் 1, ஈட்டிக்கு 6 முகப் பகடை. சொல்லாத இயல்புகள் 10 என்று கொள்ளப்படும். அடி விழுமா என்று பார்க்கப் பகடை இல்லை, விழுந்தே தீரும். உருட்டிய எண்ணில் கவசத்தைக் கழித்தது போக மிஞ்சுவது உயிர்க்காப்பைக் குறைக்கும், அது தீர்ந்தபின் உடல்வலுவைத் தின்னும். இதனால் மூன்று உயிர்க்காப்புள்ள கதாபாத்திரத்தை வைத்திருப்பவர் காவலனோடு மோத யோசிப்பார். கள்ளுக்குடத்தை நீட்டலாமா, இருளில் வேறோர் இடத்தில் கூச்சலெழுப்பி அவனை நகர்த்தலாமா என்று பேச்சு திரும்பும். நிராயுதபாணியான ஊராரின் கதைக்கு வேண்டியது அதுதான். கதாபாத்திரம் பத்துப் பொருள்தான் சுமக்க முடியும் என்ற விதியும் எங்களுக்கென்றே வைத்ததுபோல் அமைந்துவிட்டது. குண்டைத் தூக்குகிறவர் எதைக் கீழே போடுவார் என்பதே ஒரு காட்சி.

கெய்ர்னுக்கு எதிராகச் சொல்லப்படுவது அதன் உரிமத்தின் கடைசி இரண்டு எழுத்துகள். எஸ்.ஏ. என்றால், தழுவிச் செய்ததை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். தமிழாக்கம் தழுவலே ஆகையால், எங்கள் தமிழ் விதிகளை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. குழுவில் சிலருக்கு இது உறுத்தியது. எனக்கு உறுத்தவில்லை. தமிழில் ஆடத்தக்க விதிகள் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் மறுஅச்சாகிப் பரவினால், நம் சாகச நூலை வாங்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் அப்படித்தானே உருவாக வேண்டும். கதையைக் காக்க எளிய வழி உண்டு: விதிகளைத் தனிக் கையேடாக எஸ்.ஏ. உரிமத்தில் இலவசமாகத் தருவது. சாகசத்தை, கெய்ர்னின் வாசகம் எதையும் எடுக்காமல் எங்கள் சொந்த நடையில் மட்டும் எழுதி, வேறு நூலாக எங்கள் பதிப்புரிமையில் வெளியிடுவது. இரண்டும் ஒரே உறையில் போனாலும் அவை இரண்டு படைப்புகளாகவே இருக்கும். ஒரே நூலுக்குள் விதியையும் கதையையும் கலந்து எழுதிவிட்டால் இந்த வேலி இருக்காது என்பதால், பக்க அமைப்புக்கு முன்பே இதை முடிவுசெய்ய வேண்டும்.

நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது: தமிழ்ப் பதிப்பு கெய்ர்னில், மேலே சொன்னபடி இரு நூல்களாக. ஆங்கிலப் பதிப்பு அதன் பிறகு, எஸ்.ஆர்.டி. 5.1-ஐ ஒட்டி, ட்ரைவ்த்ரூவிலும் இட்ச்.ஐஓவிலும் ஒருசேர. வெளிநாட்டில் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறவர்களே அதிகம், அங்கே ஆங்கில விதிநூல் எல்லோர் கையிலும் உண்டு. எங்கள் தமிழ் வாசகருக்கு இருக்கும் தடை அவர்களுக்கு இல்லை. ஃபார்காட்டன் ரெல்ம்ஸில் கதை எழுத விரும்பும் குழுவுக்கோ, 200 பக்க வரலாற்று நூலைத் திட்டமிடும் குழுவுக்கோ இந்த முடிவு பொருந்தாது, அவர்களுக்கு டி.எம்ஸ் கில்டும் பேசிக் ரோல்பிளேயிங்கும் முறையே நல்லவை.

எந்த வழியில் போனாலும் ஓவியரோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உலகெங்கும் விற்கும் பி.டி.எஃப். ஒன்றில் தேவனாம்பட்டினக் கடற்கரையை வரைந்து தந்தவரின் படம், ஒரு வரி விடுபட்டதால் கடல் கடக்க முடியாமல் போய்விடலாம். காலம், எல்லை, தொகை, எந்த நூலுக்கு என்ற நான்கையும் எழுதி, படம் கைக்கு வரும் முன்பே இருவரும் கையெழுத்திட்டுவிட வேண்டும். விதிக் கையேட்டில் அவர் படம் இடம்பெறுமானால், அது எஸ்.ஏ. உரிமத்தில் அடங்குமா, அடங்காதா என்பதையும் அவரிடமே கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்வது நல்லது.